லேகாக் கிராமத்தைப் படமெடுக்கப் போகிறீர்களா? வீடு முதல் வயல்பாதை வரை முழுமையான வழிகாட்டி

1835 ஆகஸ்டில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தன் வீட்டுச் சன்னல் ஒன்றைப் படமெடுத்தார். தபால்தலையைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லாத படம். இன்று மிஞ்சியிருக்கும் கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்: படம் புதிதாக இருந்தபோது, சன்னலில் இருக்கும் கண்ணாடிச் சதுரங்கள் சுமார் 200-ஐயும் ஒரு லென்ஸ் வைத்து எண்ணிவிடலாம் என்று. படம் அழகா இல்லையா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எண்ண முடிகிறது, அவ்வளவுதான் அவருக்குப் பெருமை.

அந்த வீடுதான் லேகாக் அபே (அபே என்றால் துறவியர் மடம், இது பிற்பாடு வீடானது). தென்மேற்கு இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டம், சிப்பனம் ஊருக்குத் தெற்கே 5 கிலோமீட்டர். அபே மதிலை ஒட்டினாற்போல அதே பெயரில் கிராமம். 1944-ல் டால்பட்டின் பேத்தி மெடில்டா டால்பட் வீட்டையும் கிராமத்தையும் சேர்த்தே, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். நூற்றாண்டுக்கணக்கில் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த ஊர் என்பதால் இடித்துக் கட்டுவதும் விற்பதும் பெரிதாக நடக்கவில்லை. மின்கம்பிகளையும் மண்ணுக்கடியில் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் தெருவில் நின்று கேமராவைத் தூக்கினால் 18-ஆம் நூற்றாண்டு சும்மா அப்படியே வந்து நிற்கும்.

பிரச்சினையே அங்கேதான். சும்மா வந்து நிற்பதால் எல்லாரும் அதே மூன்று முனைகளில் நின்று, அதே படத்தை எடுத்து, மஞ்சள் கலரைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் படங்களை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் எண்ணுவதற்கு எதுவும் இருக்காது. சுவர் கல்லா செங்கல்லா என்று தெரியாது, பாதை எங்கிருந்து எங்கே போகிறது என்றும் தெரியாது. எந்தப் படத்தை எடுத்தாலும், எண்ண முடிகிறதா என்ற டால்பட்டின் சோதனையை அதில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். கீழே சொல்வதெல்லாம் அந்தச் சோதனையில் பல தடவை தேறாமல் போய்க் கற்றுக்கொண்டவை.

போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் வரைபடம். போனில் இருக்கும் சாலை வரைபடம் இந்த வேலைக்குப் போதாது, அதில் நடைபாதைகள் பாதி இருக்காது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை வரைபடம் வேண்டும். 1:25,000 அளவு, லேகாக் இருப்பது 156-ஆம் எண் தாளில். காகிதமாகவும் வாங்கலாம், செயலியிலும் பார்க்கலாம். அதில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் குறுங்கோடுகள்தான் பொது நடைபாதைகள். கோடு கொஞ்சம் நீளமாக இருந்தால் குதிரைப்பாதை, நாம் நடக்கலாம். இந்தக் கோடுகளை மட்டும் பார்த்தாலே ஊரின் பழைய போக்குவரத்து புரிந்துவிடும்: எந்தப் பாதை தேவாலயத்துக்கு, எது ஆற்றுக்கு, எது அடுத்த ஊருக்கு என்று.

இரண்டாவது, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு சார்ந்த மரபு அமைப்பு பராமரிக்கும் தேசிய மரபுப் பட்டியல். இணையத்தில் இலவசம். பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதில் ஓர் எண், ஒரு தரம், அப்புறம் ஒரு குறிப்பு இருக்கும். தரங்கள் மூன்று: I, II*, II. அந்தக் குறிப்புகளைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், வறட்டுத் தந்தி நடையில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் ‘முகப்பு செங்கல், பின்புறம் மரச்சட்டம்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போதும், அந்த வீட்டின் பின்பக்கச் சந்துக்கும் ஒரு நடை போக வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் போகும்முன் பத்து வீடுகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொன்றிலும் எதைத் தேடுவது என்று ஒரு வரி எழுதிக்கொள்வேன்.

மூன்றாவது, மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்ததைப் பாருங்கள். 2005-ல் தொடங்கிய ஜியோகிராஃப் திட்டத்தில், பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் படம் சேர்க்கிறார்கள். பிரிட்டனின் வரைபடக் கட்ட எண்ணில் லேகாக்கின் சதுரம் எஸ்டி 9168. பெரும்பாலான படங்கள் அழகுக்காக எடுத்தவை அல்ல, அதுவே நல்லது. எந்த இடத்திலிருந்து எது தெரியும், எந்த மரம் எதை மறைக்கிறது என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எந்த மாதம், எத்தனை மணி

வழிகாட்டிகள் பொதுவாக ‘விடியற்காலையும் அந்தியும் நல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். லேகாக்கில் அது பாதி உண்மைதான். நான் முதல் தடவை போனது ஒரு டிசம்பர் மாதம், வானம் பளிச்சென்று இருந்த நாள். நண்பகலில் போய்ச் சேர்ந்தேன். வெயில் இருக்கிறதே என்று சந்தோஷமாக ஹை ஸ்ட்ரீட்டில் திரும்பினால், வெயில் புகைபோக்கிகளில் மட்டும் இருக்கிறது. தெரு முழுக்க நீல நிழல்.

காரணம் எளிய கணக்குதான். ஊர் இருப்பது ஏறத்தாழ 51.4 பாகை வடக்கே. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும்பும். 8 மீட்டர் உயரமுள்ள ஒரு வீட்டின் நிழல் அப்போது சுமார் 30 மீட்டர் நீளும். ஹை ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட் இரண்டும் ஏறத்தாழ கிழக்கு மேற்காகப் போகிற தெருக்கள். தென்வரிசை வீடுகளின் நிழல் தெருவைத் தாண்டி வடவரிசை வீடுகளின் மேல் ஏறிவிடும். ஜூனில் அதே நண்பகல் சூரியன் 62 பாகையில் நிற்கும், நிழல் 4 மீட்டர்தான். ஆனால் அந்த உச்சி வெயில் சுவரை மேலிருந்து சுரண்டிக்கொண்டு இறங்குவதால், இறவாரத்தின் நிழல் சன்னல்மேல் கறுப்புப் பட்டையாக விழும். நம் ஊர் வெயிலில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு இந்த இரண்டாவது தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும், முதலாவதுதான் புதிது.

ஆக, எப்போது போவது? மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களில் சூரியன் ஏறத்தாழ நேர் கிழக்கே உதிக்கும். அப்போது காலை வெளிச்சம் கிழக்கிலிருந்து தெருவின் நீளத்துக்குப் படுத்துக்கொண்டு வரும். சுவரின் ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாகப் புடைத்துத் தெரியும். கல் எத்தனை வரிசை என்று எண்ண வேண்டுமானால் அந்த வாரங்கள்தான். வடக்குப் பார்த்த வீடுகளுக்கு, அதாவது தென்வரிசைக்கு, வேறு கணக்கு. வருடத்தில் பெரும்பகுதி அவற்றின் முகத்தில் நேர் வெயிலே படாது. ஜூன் நடுவில் சூரியன் வடகிழக்கில் 5 மணிக்கு முன்பே எழுந்து, வடமேற்கில் இரவு 9:25 வாக்கில் மறையும். அப்போது காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் அந்த முகப்புகள் வெளிச்சம் வாங்கும். அதற்காக அலாரம் வைத்து எழுவது முட்டாள்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

மரச்சட்ட வீடுகளுக்கு நான் வெயிலையே தேடுவதில்லை. கறுத்த மரமும் வெள்ளைப் பூச்சும் நேர் வெயிலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்: பூச்சு வெளுத்துப்போகும், மரத்தின் ரேகைகள் கறுப்பில் முழுகிப்போகும். மெல்லிய மேகம் மூடிய நாள்தான் அவற்றுக்கு நல்லது. இங்கிலாந்தில் அதற்குப் பஞ்சமில்லை.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் சில சுவர்களில் விஸ்டீரியா கொடி ஊதாவாகப் பூத்துத் தொங்கும், கூட்டமும் அதற்குத்தான் வரும். நான் பிப்ரவரிக் கட்சி. மரங்கள் மொட்டையாக நிற்பதால், கோடையில் இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூரைகளும் பின்சுவர்களும் வெளியே வரும்.

பையில் என்ன

அதிகம் வேண்டாம். முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமரா என்றால் 24 முதல் 70 மி.மீ. வரை போகும் ஒரு லென்ஸ் போதும். இலகுவான ட்ரைபாட், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று, கண்ணாடி துடைக்கத் துணி, நீர் புகாத காலணி. கடைசிப் பொருளை லென்ஸைவிட முக்கியமாக நினைக்கிறேன். போனில் எடுப்பவர்கள் 0.5 மடங்கு அகலக் கோணத்தைத் தொடாமல் 1 மடங்கு, 2 மடங்கிலேயே எடுங்கள். அகலக் கோணம் ஓரத்தில் இருக்கும் வீட்டை ரப்பர் மாதிரி இழுத்துவிடும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ரா ஃபைலாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே) சேமிக்கும் வசதி இருந்தால் அதையும்.

லண்டன் பேடிங்டனிலிருந்து சிப்பனத்துக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும், அங்கிருந்து பேருந்து. ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் ஊருக்குள் ஓட்டாதீர்கள், வெளியே பார்வையாளர்களுக்கென்றே நிறுத்துமிடம் இருக்கிறது.

முதல் சுற்று: கேமரா பையிலேயே இருக்கட்டும்

ஊரின் பழைய பகுதி நான்கு தெருக்கள்தான்: ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட். சதுரம் போல ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும். சுற்றிவர இருபது நிமிடம் ஆகாது. அந்தச் சுற்றைக் கேமராவை எடுக்காமல் நடங்கள். கடினம்தான், கை அரிக்கும். ஆனால் கேமரா கையில் இருந்தால் கண் முகப்புகளை மட்டுமே தேடும். அது இல்லாதபோதுதான் வேறு விஷயங்கள் தெரியும்: இரண்டு வீடுகளுக்கு நடுவே எங்கே சந்து போகிறது, எந்தப் படிக்கல் நடுவில் குழிந்திருக்கிறது, எந்த வீட்டின் தரை தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறது. தெரு மட்டம் நூற்றாண்டுகளில் ஏறிக்கொண்டே வந்ததற்கு அந்தத் தாழ்ந்த வாசல்தான் பெரும்பாலும் சாட்சி.

அப்படி நடக்கும்போது கட்டாயம் நின்று பார்க்க வேண்டியவை சில. சர்ச் ஸ்ட்ரீட்டில் வளைந்த மரங்களால் ஆன ஒரு வீடு, அதன் பக்கச்சுவரில் எலும்புக்கூடு போல மரம் வெளியே தெரியும். இயற்கையாகவே வளைந்த மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிராகச் சாய்த்து உச்சியில் சேர்த்துவிடுவார்கள், கூரையின் பாரம் முழுக்க அந்த வளைவின் வழியே நேராகத் தரைக்கு இறங்கிவிடும். அதே தெருவில் 15-ஆம் நூற்றாண்டுச் சத்திரமான சைன் ஆஃப் தி ஏஞ்சல். ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 14-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக வாங்கிச் சேர்த்து வைத்த இடம். அதன் பக்கத்திலேயே குடிகாரர்களை இரவோடு அடைத்து வைக்கப் பயன்பட்ட சின்னக் கல் கொட்டடி. வரி வாங்குகிற இடமும் அடைத்து வைக்கிற இடமும் அடுத்தடுத்து இருப்பதை ஒரே படச்சட்டத்துக்குள் கொண்டுவர முடிந்தால் அதைவிட நல்ல படம் இந்த ஊரில் இல்லை என்பேன். கிழக்குக் கோடியில் செயின்ட் சிரியாக் தேவாலயம்.

முகப்பை நேராக எடுப்பது

தெரு குறுகல், வீடு உயரம். பின்னால் போக இடமில்லாததால் கேமராவை அண்ணாந்து தூக்குகிறோம், உடனே வீடு பின்னால் சாய்கிறது. பழைய வீடுகளில் இது இரட்டைத் தவறு. அந்த வீடுகள் உண்மையிலேயே சாய்ந்திருக்கின்றன! மரம் காய்ந்து, மண் இறங்கி, ஒரு மூலை தாழ்ந்து, மேல்மாடி தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். நம் கேமராவின் சாய்வும் அதோடு கலந்துவிட்டால் எது வீட்டுக் கோணல், எது நம் கோணல் என்று யாராலும் பிரிக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். எதிர்ச்சுவரோடு முதுகு ஒட்டும்வரை பின்னால் போங்கள். கேமராவை நெடுக்குவாட்டில் திருப்புங்கள். லென்ஸ் அடிவானத்தை நேராகப் பார்க்க வேண்டும், மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. முழுச் சட்டக் கேமராவில் 24 மி.மீ. வைத்து 8 மீட்டர் தள்ளி நின்றால், இப்படி நெடுக்குவாட்டில் மொத்தம் 12 மீட்டர் உயரம் அடங்கும். அதில் பாதி உங்கள் கண் மட்டத்துக்கு மேலே. அதாவது தரையிலிருந்து ஏழரை மீட்டர் வரை சுவர், கண்ணை உயர்த்தாமலேயே வந்துவிடும். படத்தின் கீழ்ப்பாதியில் பெரும்பாலும் வெறும் தெருதான் இருக்கும், அதை அப்புறம் வெட்டிவிடலாம். அகலம் 8 மீட்டர்தான் கிடைக்கும், ஆகவே நீளமான வீட்டுக்கு இரண்டு எட்டு நகர்ந்து இன்னொன்று, மறுபடி நகர்ந்து இன்னொன்று. மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்ளுங்கள். கேமராவைச் சாய்க்காமலேயே உயரத்தை எடுக்க ஷிஃப்ட் லென்ஸ்கள் என்றே இருக்கின்றன, விலையைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

எண்கள் கேட்பவர்களுக்கு: அபர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ட்ரைபாட் மேல் வைத்து இரண்டு நொடி டைமர். கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாமல் இருக்க ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம், இன்றைய கேமராக்கள் 800-க்கெல்லாம் அழாது. வானம் வெளுத்து, தெரு இருண்டு இருந்தால் வெளிச்ச அளவை இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) இடைவெளியில் மாற்றி மூன்று படம். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள். விட்டால் ஒரே கல் ஒரு படத்தில் தேன் நிறத்திலும் அடுத்ததில் சாம்பலிலும் வரும். பகல் வெளிச்சம் என்று ஒரே இடத்தில் பூட்டிவிடுங்கள்.

சுவரைப் படிப்பது

முழு வீடு கிடைத்தாயிற்றா? சரி, இப்போது கிட்டே போகலாம். பாதையிலேயே நின்றபடி, வாசற்படி ஏறாமல். 70 மி.மீ. அல்லது போனின் 2 மடங்கு.

மரச்சட்டங்களுக்கு நடுவே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் குச்சிகளைப் பின்னி, அதன்மேல் மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசியிருப்பார்கள். நம் பக்கத்துப் பழைய மண்சுவருக்குத் தூரத்து உறவு. பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்திருக்கலாம். ஒரே சுவரில் இரண்டும் இருந்தால் இரண்டும் சேர்ந்து வரும்படி எடுங்கள், அந்த எல்லைக்கோடுதான் கதை. மரத்தில் ஆப்பு அடிக்காத வெற்றுத் துளைகள் இருந்தால், அந்த மரம் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு வந்தது என்று சந்தேகப்படலாம்.

கல்லால் அடைத்த சன்னல்களைப் பார்த்ததும் எல்லாரும் சன்னல் வரி என்பார்கள். 1696-லிருந்து 1851 வரை இங்கிலாந்தில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான், எண்ணிக்கை கூடினால் வரியும் கூடும். ஆனால் எல்லா அடைப்பும் வரிக்குப் பயந்தது இல்லை. முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று, கட்டும்போதே பொய்ச் சன்னல் வைப்பதும் வழக்கம். ஆகவே படக்குறிப்பில் ‘அடைக்கப்பட்ட சன்னல்’ என்று மட்டும் எழுதுங்கள், காரணத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டாம்.

பழைய கண்ணாடியை நேராக எடுத்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து நின்று, எதிர்வீட்டுக் கூரையோ வானமோ அதில் பிரதிபலிக்கும்படி பாருங்கள். புதுக் கண்ணாடியில் கோடு நேராக இருக்கும், பழையதில் தண்ணீரில் தெரிவது போல நெளியும். ஆறு கண்ணாடி உள்ள சன்னலில் நான்கு நெளிந்து இரண்டு நேராக இருந்தால், எந்த இரண்டு உடைந்து மாற்றப்பட்டன என்று தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் போலரைசரைக் கழற்றிவிடுங்கள், அது பிரதிபலிப்பைத்தான் முதலில் கொல்லும். ஈரக்கல், ஈர இலை, ஓடை, இவற்றுக்கு மட்டும் திரும்பப் போடலாம்.

உள்ளே ஆள் இருக்கிறார்கள்

இது அருங்காட்சியகம் இல்லை. டிரஸ்டின் வீடுகளில் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன, குப்பைத் தொட்டி வெளியே வரும், பள்ளிக்குப் பிள்ளைகள் கிளம்புவார்கள். பொதுத் தெருவில் நின்று கட்டடத்தைப் படமெடுக்க இங்கே சட்டம் தடுக்கவில்லை. 1988 பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி கட்டடத்தின் படத்தை வெளியிடுவதிலும் பதிப்புரிமைச் சிக்கல் வராது. ஆனால் டிரஸ்டுக்குச் சொந்தமான வளாகத்துக்குள் நின்று வியாபாரத்துக்காக எடுப்பதென்றால் முன்அனுமதி வேண்டும், ட்ரோன் அவர்கள் நிலத்தில் கூடாது.

சட்டம் இப்படி, மரியாதை வேறு. சன்னலுக்குள் தெரியும் மேசையையும் படுக்கையையும் நான் எடுப்பதில்லை. குழந்தைகள் வந்தால் கேமராவை இறக்கிவிடுகிறேன். ஒருமுறை ட்ரைபாட்டை ஒரு வாசலுக்கு நேராக விரித்து வைத்திருந்தேன், உள்ளிருந்து சாமான் பையோடு வந்த ஒரு மூதாட்டி எதுவும் சொல்லாமல் மூன்று கால்களையும் சுற்றிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதிலிருந்து ட்ரைபாட்டின் கால்களைச் சுவரோரமாக ஒடுக்கித்தான் வைப்பது.

கார்கள்தான் நிரந்தரப் புலம்பல். காலை 8 மணிக்கு முன்னால் குறைவு, ஆனால் குடியிருப்பவர்களின் கார்கள் அங்கேதான் நிற்கும், நிற்கட்டும். மென்பொருளில் அழிக்கலாம்தான். நான் அழிப்பதை நிறுத்திவிட்டேன். 1900-ல் எடுத்த தெருப்படங்களில் குதிரை வண்டி நின்றால் அதைத்தானே முதலில் உற்றுப் பார்க்கிறோம்?

நடைபாதைகள்: யாரும் எடுக்காத பாதி

வீடுகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன், உண்மையில் எனக்கு அதைவிடப் பிடித்தது பாதைகள்தான். சர்ச் ஸ்ட்ரீட்டின் மேற்கு முனைக்கு அப்பால் பைட் புரூக் என்ற ஓடை தெருவைக் குறுக்கே வெட்டிப் போகும். வண்டிகள் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பக்கத்திலேயே நடப்பவர்களுக்கும் பொதிக்குதிரைகளுக்குமான சின்னக் கல் பாலம். அதைத் தாண்டி மேடேறினால் வயல்கள் வழியாக ரேபிரிட்ஜ் என்ற குட்டி ஊருக்கு ஒரு பாதை, அங்கே ஏவன் ஆறு. பெரிய நடை ஒன்றும் இல்லை, கேமராவோடு போனால் மட்டும் இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

இங்கிலாந்தின் பொது நடைபாதை என்பது நமக்குச் சற்று விசித்திரமான ஏற்பாடு. நிலம் தனியாருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லாருக்கும். 1949-ல் வந்த ஒரு சட்டம் இந்தப் பாதைகளை எல்லாம் அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. கம்பங்களில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வயலின் நடுவே போகும் நடைபாதையை விவசாயி உழலாம், ஆனால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திருத்திக் கொடுத்துவிட வேண்டும். இளம் பயிருக்குள் தலைவகிடு எடுத்தது போல ஒற்றைக் கோடு போவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த விதியின் படம்தான் அது.

எடுக்கும் முறை. பாதையை அதன் நடுவில் நின்று, கண் மட்டத்தில் எடுத்தால் பச்சையாக ஒரு முக்கோணம் வரும், அவ்வளவுதான். முழங்கால் உயரத்துக்கு இறங்குங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், அப்போதுதான் கால்கள் தேய்த்த பள்ளம் நிழலோடு தெரியும். அல்லது மேட்டுக்கு ஏறி 70 மி.மீ.யில் கீழே பாருங்கள், பாதை ஊருக்குள் எங்கே நுழைகிறது, எந்தக் கூரைக்குப் பக்கத்தில் முடிகிறது என்பதெல்லாம் ஒரே படத்தில் வரும். வீட்டையும் பாதையையும் தனித்தனியாக எடுத்துக் குவிப்பதைவிட இந்த ஒரு படம் மேல்.

வேலிகளைக் கடக்கும் இடங்களை விடாதீர்கள். மரப்பலகைப் படி, ஒரு ஆள் மட்டும் நுழையும்படி ஊசலாடும் கதவு, கல்லை நட்டு வைத்த இடைவெளி என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. பலகையில் கால் படும் இடம் மட்டும் வழவழவென்று இருக்கும், அதை நன்றாகக் கிட்டே போய் எடுங்கள். அளவு தெரிய நண்பர் ஒருவரை நடக்கவிடலாம், ஆனால் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் திறந்த கதவை மூடுங்கள். கன்றோடு பசு நின்றால் இரண்டுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள், படம் அப்புறம். மழைக்காலத்தில் ஆற்றோர வயல்களில் தண்ணீர் ஏறும். நான் ஒரு ஜனவரியில் வரைபடத்தை நம்பி நடந்து, கணுக்கால்வரை இறங்கி, காலணி ஒன்றைச் சேற்றிலிருந்து கையால் பிடுங்கி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபின்

கலரைத் தொடும்முன் எழுத்து வேலையை முடியுங்கள். அன்றைக்கே. ஒவ்வொரு நல்ல படத்துக்கும் நாள், நேரம், எங்கே நின்றீர்கள், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தீர்கள், மரபுப் பட்டியலில் அந்தக் கட்டடத்தின் எண். இதைப் படக்கோப்பின் உள்ளேயே பதிந்துவிடும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. ‘அழகிய ஆங்கிலக் கிராமம்’ என்று எழுதிய படம் பத்து வருடத்தில் எங்கே எடுத்தது என்று எடுத்தவருக்கே மறந்துவிடும். திருத்தம் குறைவாகப் போதும்: செங்குத்துக்கோடுகளைச் சரிபார்ப்பது, நிழலைக் கொஞ்சம் தூக்குவது. சாய்ந்த வீட்டை நிமிர்த்திவிடாதீர்கள். நிமிர்த்த வேண்டியது கேமராவின் சாய்வை மட்டும். பிரதிகள் மூன்று, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

அப்புறம் நூறு சதவீதம் பெரிதாக்கி ஒருமுறை மெதுவாக மேய்ந்து பாருங்கள். எடுத்தவரே கவனிக்காத பல விஷயங்கள் படத்தில் இருப்பதை வெகுநாள் கழித்துக் கண்டுபிடிப்பது இந்தக் கலையின் வசீகரங்களில் ஒன்று என்று டால்பட்டே 1840-களில் எழுதியிருக்கிறார். போன செப்டம்பரில் சர்ச் ஸ்ட்ரீட்டில் எடுத்த ஒரு வீட்டின் மேல்மாடிச் சன்னலை அப்படித்தான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கு கண்ணாடிகள், ஐந்து நெளியாதவை. பதினேழாவதில் எதிர்வரிசை வீட்டின் கூரை தெரிந்தது, கல் ஓடுகள் நடுவில் தொய்ந்து, தொட்டில் துணி போல. அந்த வீட்டுச் சுவரில்தான் காலையில் அரை மணி நேரம் முதுகை ஒட்டி நின்றிருக்கிறேன், திரும்பி ஒரு படம் எடுக்கவில்லை.